வேதிவினைகளில் வெப்பம், ஆற்றல், என்தால்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்பவேதியியலில் கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடும் மாணவர்கள்கூட, "அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தவறு அவர்களுடையது அல்ல. பாடம் சூத்திரத்தில் தொடங்கிச் சூத்திரத்திலேயே முடிந்துவிடுகிறது. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நேரம் குறைவு என்றால் பிணைப்புகளைப் பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதானே?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பின்னால் எல்லாமே குழம்பும்.

ஒரு டம்ளரில் 200 கிராம் கொதிநீர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தொட்டியில் 100 கிலோ வெதுவெதுப்பான நீர், 40 டிகிரி செல்சியஸில். எதில் விரலை விட்டால் சுடும்? டம்ளரில்தான். ஆனால் இரண்டும் 25 டிகிரிக்கு ஆறும்போது எது அதிக வெப்பத்தை வெளியே விடும்? ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி ஆறினால் 4.18 ஜூல் வெளியேறும். டம்ளருக்கு 200 × 4.18 × 75, அதாவது 62.7 கிலோஜூல். தொட்டிக்கு 1,00,000 × 4.18 × 15, அதாவது 6,270 கிலோஜூல். சரியாக நூறு மடங்கு.

துகள்கள் சராசரியாக எவ்வளவு வேகத்தில் அலைகின்றன என்பதைக் காட்டுவது வெப்பநிலை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குக் கைமாறும்போது ஆற்றலுக்கு வழங்கும் பெயர் வெப்பம். அதனால் "இந்தப் பொருளுக்குள் இவ்வளவு வெப்பம் இருக்கிறது" என்று சொல்வது சரியில்லை. உள்ளே இருப்பது அக ஆற்றல். கைமாறும்போதுதான் அது வெப்பம்.

என்தால்பி என்றால் என்ன? ஆற்றல் என்ற ஒரு சொல் போதாதா?

மூடிய, விரியாத பாத்திரத்தில் மட்டும் வினைகள் நடந்தால் அக ஆற்றல் போதும். ஆனால் நாம் செய்யும் வினைகளில் பெரும்பாலானவை திறந்த பீக்கரில், சோதனைக்குழாயில், காற்றழுத்தத்தின் கீழ் நடக்கின்றன. அங்கே ஒரு வாயு உண்டானால், அது தனக்கு இடம் தேடிக்கொள்ளச் சுற்றியிருக்கும் காற்றைத் தள்ள வேண்டும். தள்ளுவது வேலை, அதற்கும் ஆற்றல் செலவாகும்.

சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கால்சியம் கார்பனேட் ஒரு மோல் (துகள்களை எண்ண வேதியியலில் வழங்கும் அலகு) பிரிந்தால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். 25 டிகிரியை அடிப்படையாக வைத்த கணக்கில் இதற்கு 178 கிலோஜூல் தேவை. வெளிவரும் ஒரு மோல் வாயு சுமார் 24.8 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த இடத்தைப் பிடிக்கவே கிட்டத்தட்ட 2.5 கிலோஜூல் போகிறது. மீதி 175.5 கிலோஜூல்தான் பொருள்களின் அக ஆற்றலில் சேர்கிறது. இடம் பிடிக்கும் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கு வைத்துக்கொள்ளும் அளவுதான் என்தால்பி: அக ஆற்றலோடு அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கிக் கூட்டினால் வருவது.

இதனால் ஒரு பெரிய வசதி. அழுத்தம் மாறாமல் இருக்கும்போது, வேறு வகை வேலை எதுவும் நடக்காவிட்டால், உள்ளே வந்த அல்லது வெளியே போன வெப்பம் என்தால்பி மாற்றத்துக்குச் சமம். தெர்மாமீட்டரை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

கிரேக்க மொழியில் "உள்ளே சூடேற்று" என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது இந்தப் பெயர். இதைச் சூட்டியவராகச் சொல்லப்படுபவர் நெதர்லாந்தின் இயற்பியலாளர் கேமர்லிங் ஓனெஸ். இலங்கைத் தமிழில் இதையே வெப்பவுள்ளுறை என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் "உள்ளே வெப்பம் உறைகிறது" என்ற எண்ணத்தைத் தந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போதும் என்தால்பி "மாற்றம்" என்றே சொல்கிறார்களே, என்தால்பியை நேரடியாக அளக்க முடியாதா?

முடியாது, தேவையும் இல்லை. இரண்டாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று தெரிந்துகொள்ளக் கடல்மட்டத்திலிருந்து கட்டடம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற கணக்கு வேண்டியதில்லை. வேதியியலிலும் நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

வெப்பம் உமிழும் வினைக்கு ஏன் மைனஸ் குறி? வெப்பம் வந்திருக்கிறதே, பிளஸ் அல்லவா போட வேண்டும்?

குறியை யார் பக்கம் நின்று போடுகிறோம் என்பதுதான் இங்கே விஷயம். நாம் கணக்கு வைப்பது வினைபுரியும் பொருள்களின் பக்கம். அவை வெப்பத்தை வெளியே கொடுத்துவிட்டால் அவற்றின் இருப்பு குறைகிறது, ஆகவே மைனஸ். வெப்பத்தை வாங்கிக்கொண்டால் பிளஸ்.

அம்மோனியம் நைட்ரேட்டை நீரில் கரைத்துப் பார்த்தால் இது மனதில் பதியும். வெள்ளைத் தூளைப் போட்டுக் கலக்கக் கலக்கப் பீக்கர் சில்லிட்டுப்போகும், வெளிப்பக்கம் ஈரம் பூக்கும். ஒரு மோல் கரையும்போது சுமார் 25.7 கிலோஜூல் உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த ஆற்றல் முதலில் நீரிலிருந்து, அப்புறம் பீக்கரின் கண்ணாடியிலிருந்து, அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையிலிருந்து போகிறது. "குளிர்ச்சி வெளியே வருகிறது" என்று சொல்லாத மாணவர் குறைவு. குளிர்ச்சி என்று ஒன்று வெளியே வருவதே இல்லை. கையிலிருந்து வெப்பம் உள்ளே போகிறது. கை அதைத்தான் குளிர்ச்சியாக உணர்கிறது. ஆகவே இது வெப்பம் கொள் வினை, குறி பிளஸ். தொட்டால் சில்லென்று இருப்பதற்குப் பிளஸ், சுட்டால் மைனஸ் என்று முதலில் தலைகீழாகத்தான் தோன்றும். யார் கணக்கு என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது, அதுதானே வெப்பம்?

இல்லவே இல்லை. வெப்பவேதியியலில் நான் பார்த்த தவறான எண்ணங்களில் ஆழமாக வேரூன்றியது இதுதான். "எரிபொருளின் பிணைப்புகளில் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே கொட்டும்" என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. உண்மை நேர்மாறானது. பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவழிக்க வேண்டும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். இதற்கு விதிவிலக்குத் தேடாதீர்கள். ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் இரண்டு அணுக்களைப் பிரிக்க இழுத்துத்தானே ஆக வேண்டும்?

ஹைட்ரஜன் எரிந்து நீராவி ஆவதை ஒரு கணக்கேட்டில் எழுதுவதுபோல எழுதிப் பார்ப்போம். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு மோல் நீராவி ஆகின்றன.

செலவு: ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு மோலை உடைக்க 436 கிலோஜூல், இரண்டுக்கு 872. ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புக்கு 498. மொத்தம் 1,370.

வரவு: ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு உருவானால் சராசரியாக 463 கிலோஜூல். இரண்டு நீர் மூலக்கூறுகளில் இப்படி நான்கு பிணைப்புகள். மொத்தம் 1,852.

வரவு செலவைவிட 482 அதிகம். ஒரு மோல் நீராவிக்கு 241 கிலோஜூல் வெளியே வருகிறது. சோதனையில் அளந்த மதிப்பு சுமார் 242. மூன்றே மூன்று எண்களை வைத்து இவ்வளவு நெருங்கி வர முடிகிறது என்பது இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

கணக்கைத் திரும்பப் பாருங்கள். வெப்பம் வந்தது பழைய பிணைப்பு உடைந்ததால் அல்ல. புதிய பிணைப்புகள் பழையவற்றைவிட வலுவாக அமைந்ததால். வெடிபொருள்கள் பலவற்றில் நைட்ரஜன் இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். வினை முடியும்போது நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து முப்பிணைப்பு கொண்ட மூலக்கூறாகின்றன. அந்தப் பிணைப்பின் ஆற்றல் மோலுக்கு சுமார் 945 கிலோஜூல். அத்தனையும் வரவுப் பக்கம் சேர்கிறது. உயிரியல் பாடத்தில் வரும், செல்களுக்குள் ஆற்றலைக் கைமாற்றும் மூலக்கூறான ஏடிபியின் "உயர் ஆற்றல் பிணைப்பு" என்ற பெயரும் இதே குழப்பத்தைத்தான் வளர்க்கிறது. அங்கேயும் பாஸ்பேட் பிணைப்பு உடைவது செலவுதான். அப்புறம் நீரோடு சேர்ந்து உருவாகும் நிலையான பொருள்கள்தான் வரவைத் தருகின்றன.

ஓர் எச்சரிக்கை. பிணைப்பு ஆற்றல் அட்டவணையில் பெரும்பாலான எண்கள் பல மூலக்கூறுகளில் எடுத்த சராசரி. அவை வாயு நிலைக்கு மட்டுமே பொருந்தும். திரவமோ திண்மமோ வந்தால் நிலைமாற்ற வெப்பத்தையும் சேர்க்க வேண்டும்.

வெப்பம் தானாக வெளியே வரும் வினை என்றால், எரிபொருளைப் பற்றவைக்கத் தீக்குச்சி எதற்கு?

மேலே எழுதிய கணக்கேட்டில் செலவு முதலில் வருகிறது, வரவு பின்னால் வருகிறது. பழைய பிணைப்புகள் தளரத் தொடங்க ஒரு முன்பணம் வேண்டும். அதற்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அறை வெப்பநிலையில் கலந்து வைத்தால் அப்படியே கிடக்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். பொறி பட்ட இடத்தில் வெளிவந்த வெப்பமே பக்கத்து மூலக்கூறுகளுக்கு முன்பணமாகிவிடுகிறது.

1823-இல் ஜெர்மானிய வேதியியலாளர் டோபரெய்னர், தூளான பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சினால் நெருப்பே இல்லாமல் அது காற்றில் பற்றிக்கொள்வதைக் கண்டார். பிளாட்டினம் இங்கே வினையூக்கி. அது முன்பணத்தைக் குறைத்தது. மொத்தக் கணக்கில் ஒரு ஜூல்கூட மாறவில்லை. வினையூக்கி போட்டால் என்தால்பி மாற்றம் குறையும் என்று தேர்வில் எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பள்ளி ஆய்வகத்தில் என்தால்பி மாற்றத்தை எப்படி அளப்பது?

பாலிஸ்டைரின் கப் ஒன்றும் நல்ல தெர்மாமீட்டர் ஒன்றும் போதும். ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலிட்டர், அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லிலிட்டர். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, கலந்து, மூடி, மெதுவாகக் கலக்குங்கள். வெப்பநிலை 6.8 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைசல் மொத்தம் 100 கிராம், தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய வெப்பம்) நீருடையதே என்று கொண்டால், 100 × 4.18 × 6.8 = 2,842 ஜூல். வினைபுரிந்தது 0.05 மோல். வகுத்தால் மோலுக்கு 56.8 கிலோஜூல், வெப்பம் வெளியேறியதால் மைனஸ் 56.8. நூல்களில் உள்ள மதிப்பு மைனஸ் 57-ஐ ஒட்டியே இருக்கும்.

நான் முதன்முதலில் இதைக் கண்ணாடி பீக்கரில் செய்தேன். விடை 50-க்குக் கீழே வந்தது. பீக்கர் தானும் சூடாகி, மேசைக்கும் காற்றுக்கும் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டிருந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு உச்ச வெப்பநிலையை மட்டும் குறித்துக்கொள்வதை விட்டுவிட்டேன். கலப்பதற்கு முன்பு சில நிமிடங்கள், கலந்த பிறகு ஐந்தாறு நிமிடங்கள், அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். ஆறும் கோட்டைக் கலந்த நேரம் வரை பின்னோக்கி நீட்டினால், வெப்பம் கசியாமல் இருந்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்பது தெரியும். இந்த ஒரு மாற்றமே விடையை நிறையத் திருத்திவிடும்.

எரிதல் வினைகளுக்குக் கப் உதவாது. அதற்குப் பாம் கலோரிமீட்டர்: தடித்த எஃகுக் கலத்துக்குள் அழுத்தத்தில் ஆக்சிஜன், சுற்றிலும் நீர். அங்கே பருமன் மாறாது என்பதால் கிடைப்பது அக ஆற்றல் மாற்றம். வாயு மோல்களின் வித்தியாசத்தைக் கொண்டு திருத்தம் செய்தால்தான் என்தால்பி மாற்றம் வரும்.

எந்த வலிமையான அமிலத்தை எடுத்தாலும் 57-ஐ ஒட்டியே வருகிறதே, ஏன்?

ஏனென்றால் நடப்பது ஒரே வினை. நீர்த்த கரைசலில் வலிமையான அமிலமும் வலிமையான காரமும் ஏற்கெனவே அயனிகளாகப் பிரிந்துவிட்டன. குளோரைடும் சோடியமும் வேடிக்கை பார்க்கின்றன. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவதுதான் வினை. வலிமை குறைந்த அமிலம் முதலில் அயனியாகப் பிரிய வேண்டும். அதற்குச் செலவு ஆகும்போது வெளிவரும் வெப்பம் குறையும். ஹைட்ரஜன் சயனைடில் அது மோலுக்கு சுமார் 12 கிலோஜூல்தான்.

ஹெஸ் விதி எதற்கு? நேராக அளந்துவிடலாமே?

எல்லாவற்றையும் அளக்க முடியாது. கார்பன் எரிந்து கார்பன் மோனாக்சைடு மட்டும் உண்டாகும் வினையின் என்தால்பி மாற்றம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் கொஞ்சம் டை ஆக்சைடும் சேர்ந்தே வரும். ஆனால் கார்பன் முழுவதும் எரிந்து டை ஆக்சைடாவதை அளக்கலாம்: மைனஸ் 393.5 கிலோஜூல். மோனாக்சைடு எரிந்து டை ஆக்சைடாவதையும் அளக்கலாம்: மைனஸ் 283.0. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால், நேராகப் போனாலும் இரண்டு கட்டமாகப் போனாலும் மொத்தம் மாறாது. ஆகவே விடுபட்ட முதல் கட்டம் மைனஸ் 110.5.

ஜெனீவாவில் பிறந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பணியாற்றிய ஜெர்மைன் ஹெஸ் இதை 1840-இல் வெளியிட்டார். ஆண்டைக் கவனியுங்கள். ஆற்றல் அழியாது என்ற விதியை மேயரும் ஜூலும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் முன்வைத்தது அதற்குப் பின்னால், 1842-க்கும் 1847-க்கும் இடையில். இன்று ஹெஸ் விதியை ஆற்றல் அழியா விதியின் ஒரு விளைவாகப் படிக்கிறோம். அவரோ அந்தத் துணை இல்லாமல், சோதனைகளை மட்டும் நம்பி அங்கே போய்ச் சேர்ந்தார்.

உருவாதல் என்தால்பியில் தனிமங்களுக்குப் பூஜ்ஜியம் என்று போடுவது ஏன்?

தனிமங்களிலிருந்து ஒரு மோல் சேர்மம் உருவாகும்போது வரும் என்தால்பி மாற்றம்தான் உருவாதல் என்தால்பி. ஒரு பொது அடிமட்டம் வேண்டும் என்பதற்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு இந்தப் பூஜ்ஜியம். குறிப்பிட்ட வெப்பநிலையில், பெரும்பாலும் 25 டிகிரியில், ஒரு பார் அழுத்தத்தில் தனிமத்தின் மிக நிலையான வடிவத்துக்குப் பூஜ்ஜியம். கார்பனுக்கு அது கிராஃபைட். வைரத்துக்கு மோலுக்கு 1.9 கிலோஜூல் வரும்.

உருவாதல் என்தால்பி அட்டவணை கையில் இருந்தால் மீத்தேன் எரிவதை இரண்டு வரியில் போட்டுவிடலாம். விளைபொருள்கள்: கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 393.5, திரவ நீர் இரண்டு மோல் மைனஸ் 571.6. இவற்றின் கூட்டலிலிருந்து மீத்தேனின் மைனஸ் 74.8-ஐக் கழித்தால் மைனஸ் 890.3 கிலோஜூல். ஆக்சிஜனுக்குப் பூஜ்ஜியம்.

மீத்தேனுக்கு ஒரு புத்தகத்தில் 890, இன்னொன்றில் 802 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. முதலாவதில் உண்டான நீர் திரவம், இரண்டாவதில் நீராவி. 25 டிகிரியில் ஒரு மோல் நீர் ஆவியாக 44 கிலோஜூல் வேண்டும். இரண்டு மோலுக்கு 88. வித்தியாசம் அதுதான். புகையோடு போகும் நீராவியைக் குளிரவைத்து இந்த 88-ஐயும் பிடித்துக்கொள்ளும் கொதிகலன்கள் இருக்கின்றன. சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளின் நிலையையும் எழுதாமல் என்தால்பி மதிப்பு போட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

வெப்பத்தை உறிஞ்சும் வினைகள் ஏன் தானாக நடக்கின்றன?

19-ஆம் நூற்றாண்டில் தாம்சன், பெர்த்தலோ போன்ற பெரிய வேதியியலாளர்கள், தானாக நடக்கும் வினை என்றால் வெப்பம் உமிழ்ந்தே ஆக வேண்டும் என்று நம்பினார்கள். அவர்களுக்கு இடித்த இடமே இதுதான்.

இதைக் காட்ட ஒரு சோதனை உண்டு. நீரேறிய பேரியம் ஹைட்ராக்சைடு, அம்மோனியம் குளோரைடு இரண்டும் வெள்ளைத் திண்மங்கள். கூம்புக் குடுவையில் போட்டுக் கலக்கினால் ஒரு நிமிடத்துக்குள் தூள் கூழாகிறது, அம்மோனியா நெடி மூக்கில் ஏறுகிறது. குடுவையை, சில சொட்டு நீர் விட்ட மரப்பலகையின் மேல் வைத்துவிட்டுக் கொஞ்சம் கழித்துத் தூக்கினால் பலகையும் சேர்ந்து வரும். இடையில் இருந்த நீர் உறைந்து ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து யாரும் குளிரூட்டவில்லை. (பேரியம் உப்புகள் நச்சு, அம்மோனியா கண்ணை எரிக்கும். ஆசிரியர் துணையோடு, புகை வெளியேற்றும் அறையில் மட்டுமே செய்ய வேண்டும்.)

காரணம், இயற்கை ஆற்றலை மட்டும் பார்ப்பதில்லை. துகள்களும் ஆற்றலும் எத்தனை விதமாகப் பரவி அமையலாம் என்பதையும் பார்க்கிறது. அதன் அளவு என்ட்ரோபி. ஒழுங்காக அடுக்கியிருந்த இரண்டு திண்மங்களிலிருந்து திரவமும் வாயுவும் விடுபடும்போது என்ட்ரோபி பெரிதாக ஏறுகிறது. அந்த லாபம் வெப்பக் கணக்கில் விழும் நஷ்டத்தை ஈடுகட்டிவிடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க வழி தந்தவர் அமெரிக்கரான வில்லார்ட் கிப்ஸ்: என்தால்பி மாற்றத்திலிருந்து, கெல்வின் வெப்பநிலையை என்ட்ரோபி மாற்றத்தால் பெருக்கிக் கழியுங்கள். மாறாத வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் விடை மைனஸ் என்றால் வினை தானாக நடக்கலாம். சுண்ணாம்புக்கல் அறை வெப்பநிலையில் பிரியாமல் இருப்பதும், சுமார் 900 டிகிரியில் சூளையில் பிரிவதும் இதனால்தான். வெப்பநிலை ஏற ஏற என்ட்ரோபியின் பக்கம் கனக்கிறது.

கரைசல் தயாரிக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே. மாற்றி ஊற்றினால், அடர்த்தி குறைந்த நீர் அமிலத்தின் மேல் நின்று, சேரும் இடத்திலேயே கொதித்து, அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும்.

சோடியம் ஹைட்ராக்சைடும் இளைத்ததல்ல. 40 கிராம், அதாவது ஒரு மோல், கரையும்போது சுமார் 44.5 கிலோஜூல் வெளிவருகிறது. 200 மில்லிலிட்டர் நீரில் ஒரேயடியாகக் கொட்டினால் வெப்பநிலை ஏறத்தாழ 45 டிகிரி ஏறும். 30-இல் இருந்த நீர் 75-ஐத் தொடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பீக்கரைக் குளிர்நீரில் வைத்து, வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முழுக்க ஆறிய பிறகே அளவுக் குடுவைக்கு மாற்றுங்கள். சூட்டோடு கோடு வரை நிரப்பினால், ஆறியதும் கரைசல் சுருங்கிக் கோட்டுக்குக் கீழே நிற்கும், செறிவும் தப்பாகிவிடும்.